மூன்றாவது லெவலிலேயே

கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டை நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆடியிருப்பேன். இந்த ஆட்டத்தில் மூன்றாவது லெவலுக்குப் பிறகு ஒரு தடவைகூடத் தூங்கவில்லை. நான் என்றால், திரையில் ஓடுகிற என் ஆள். காடு, மலை, ஊர் என்று அவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம். சண்டை போடப் போடத் திறமை கூடும். கூடின திறமை லெவலாக மாற, ஒரு கட்டிலைத் தேடிப் படுத்து எழ வேண்டும். நான் கட்டில் பக்கமே போவதில்லை.

காரணம் உண்டு. முதல் முறை ஆசை ஆசையாக லெவல் ஏற்றினேன். நீந்தினேன், குதித்தேன், கடைக்காரர்களிடம் வாயடித்தேன். எல்லாம் சேர்ந்து இருபதாவது லெவலுக்கு வந்துவிட்டேன். வாள் பிடிக்க மட்டும் பழகவில்லை. அந்த விளையாட்டில் நாம் ஏறினால் எதிரியும் கூடவே ஏறுவான். நேற்று வரை தடியோடு திரிந்த ஆடு திருடன் இன்று இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு வருகிறான். நரி இருந்த புதரில் கரடி. நீச்சல் தெரிந்து என்ன செய்வது? செத்துச் செத்து வெறுத்துப்போய், அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை மூன்றாவது லெவலிலேயே நின்றுகொண்டேன். திருடர்கள் தடியோடு வந்தார்கள், இரண்டே அடியில் விழுந்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

வேலையிலும் நான் அப்படித்தான். அரக்கோணத்தில் ரயில் பெட்டி பழுது பார்க்கிறேன். பதினோரு வருஷமாக அதே நிலை. பதவி உயர்வு வந்தால் இடமாற்றமும் வரும். அதனால் நிறையப் பேர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நானும் ஒரு முறை கொடுத்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் எழுதினேன். அம்மா கிருத்திகைக்குக் கிருத்திகை படியேறியே மலைக்கோயிலுக்குப் போய் வருகிறவள். உண்மையான காரணம் பயம். புது ஊர், எனக்குக் கீழே பத்துப் பேர், அவர்கள் செய்கிற தப்புக்கெல்லாம் நான் பதில் சொல்ல வேண்டும்.

போன ஆடியில் இரண்டாவது உத்தரவு வந்தது. பாலக்காடு பக்கம். திங்கட்கிழமைக்குள் பதில் தர வேண்டும். வேண்டாம் என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதோடு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. டீக்கடையில் பாதி கிளாசோடு எழுந்து வந்தேன். மாடிக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் இறங்கினேன். இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

ஆடிக் கிருத்திகை அன்று தெருவெல்லாம் காவடி. வண்டியை வெளியே எடுக்க வழியில்லாமல் மத்தியானம் விளையாட உட்கார்ந்தேன். பக்கத்தில் என் மனைவி பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். அம்மையார்குப்பத்துக்காரி, கணக்கு டீச்சர். வீட்டுக்குள் ஓடுகிற விசைத்தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவளுக்குக் காவடிக்கு அடிக்கிற பம்பைச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை.

விளையாட்டில் ஒரு கணவாயைத் தாண்ட வேண்டியிருந்தது. அங்கே இருந்த எதிரிகள் எனக்காகக் கீழே இறங்கி வருகிறவர்கள் இல்லை; அவர்களுக்குக் குறைந்தபட்சமே பதினைந்தாவது லெவல். நான் ஓடித் தப்பித்துவிட்டேன். எனக்குத் துணையாக வருகிற வில்லுக்காரிதான் முதல் அடியிலேயே விழுந்தாள். திரும்ப ஆரம்பித்தேன். திரும்ப விழுந்தாள். நாலாவது முறையும் அவள் விழுந்தபோது எரிச்சலில் நான் வாய்விட்டே திட்டினேன்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாங்க, அந்தப் பொண்ணு இன்னும் அந்த ஒடஞ்ச வில்லையே வச்சிகினு இருக்குது?"

"அதுக்குன்னு தனியா லெவல் கெடையாது. நான் ஏறினாத்தான் அதும் ஏறும்."

"நீங்க ஏன் ஏறல?"

"ஏறினா எதிரியும் ஏறுவான். இப்டியே இருந்தா தொல்ல இல்ல."

"உங்களுக்கு இல்ல" என்றாள்.

இன்னொரு பேப்பரை எடுத்து இரண்டு கணக்கைத் திருத்தினாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்: "போன வருஷம் எனக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் போஸ்டிங் வந்துச்சுங்க. வாலாஜாபாத் பக்கம். வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

விளையாட்டை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"இந்த ஊர உட்டு நவுற மாட்டேன்னு நீங்க சொல்லிகினே இருந்தீங்க. சொல்லி இன்னா ஆவப்போவுது."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வெட்கமாக இருந்தது. என் பயம் என்னோடு போயிற்று என்றுதான் அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அங்க போயிருந்தா என் வேலை என்ன ஆவறது?" என்று கேட்டுவைத்தேன்.

"அதையும்தான் பாத்தேன். ஒரு சனிக்கெழமை ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டுப் போனேன்ல, அன்னைக்கு அங்கதான் போனேன். ஸ்டேஷன் பக்கத்துலயே ஒரு மாடி வீடு. காலைல அரக்கோணம் போற வண்டி அங்க நிக்குது. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

திருத்திய பேப்பர்களைத் தட்டி ஒன்றாக அடுக்கினாள்.

"ஆறு மாசம் அந்த வீடு காலியாத்தாங்க கெடந்துச்சு. போன மாசம்கூட போன் பண்ணிக் கேட்டேன். வேற யாரோ வந்துட்டாங்களாம்."