ஒன்பதாவது ஹாரன்

நம்ப விருப்பமில்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நடந்தது நடந்ததுதான். 1953ஆம் வருடம் ஜூலை மாதம், ஒரு வியாழக்கிழமை, திருவனந்தபுரத்தில், பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொல்கிறவர்கள் பேயைப் பார்த்ததில்லை. மோட்டார் வண்டிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் நெல்லையப்பனும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்தான்.

திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், கரமனையில் வீடு. கஞ்சி போட்ட சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. பதினோரு வருட சர்வீஸில் ஒரு தடவைகூடக் குனிந்து ஒரு வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்ததில்லை. பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தின் மேல் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. "என் கையெழுத்து விழுந்தா தகரடப்பாவும் காராக்கும்" என்பார். மலை மேல் இருக்கிற எஸ்டேட் வண்டிகள் என்றால் இன்னும் வசதி. வண்டி கீழே வராது, இவர் மேலே போகமாட்டார். காகிதம் மட்டும் ஒரு தேயிலைப் பொட்டலத்தோடு வந்து சேரும். 'நேரில் சோதித்தேன், நன்றாக உள்ளது' என்று எழுதி, கையெழுத்தை நீட்டி இழுத்துவிட்டு, பொட்டலத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வெட்கம் என்பது அவர் வாங்காத சரக்கு.

அன்று காலை 10.40க்கு டாக்ஸிக்காரன் சுவாமிதாஸ் வந்தான். அவன் வண்டியின் பழைய எஞ்சின் வெடித்துவிட்டது. அதே மாதிரி வேறொரு காரின் எஞ்சினை வாங்கி மாட்டியிருந்தான். புது எஞ்சினின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் ஏறி, கீழே இன்ஸ்பெக்டரின் கையெழுத்து விழவேண்டும். மறுநாள் சாயங்காலத்துக்குள் விழாவிட்டால் டாக்ஸி பெர்மிட் போய்விடும். அந்தப் பயத்தில், சர்ட்டிபிகேட் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாது என்று, இரண்டு ஆட்களை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்திருந்தான்.

நெல்லையப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தள்ளிட்டா வந்தீரு? நல்ல கூத்துவே. எஞ்சினை எந்தக் குப்பையில பொறுக்கினீரு?"

"பொன்முடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டு வண்டியோடதாக்கும், சாரே. ரசீது இருக்கு."

நீட்டிய ரசீதை அவர் படிக்கவில்லை. படிப்பது குமாஸ்தாக்களின் வேலை என்பது அவர் எண்ணம்.

எஞ்சின் நம்பரை எடுக்க ஒரு முறை உண்டு. இரும்பில் பதிந்த நம்பரின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், எண் அப்படியே காகிதத்தில் வந்துவிடும். வழக்கமாகப் பியூன் தேய்ப்பான். அன்று பியூன் லீவு. வேறு வழியில்லாமல் நெல்லையப்பனே குனிந்து, இரும்பில் கையை ஊன்றினார்.

வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். சுட்டுவிட்டது.

"வண்டியை ஓட்டினீரா?"

"இல்ல சாரே. மூணு நாளா ஸ்டார்ட்டே பண்ணல்ல."

பொய் என்று நினைத்துக்கொண்டார். டாக்ஸிக்காரன் உண்மை பேசுவான் என்று அவர் என்றுமே நம்பியதில்லை. ஆனால் பானெட்டுக்குள்ளிருந்து இன்னொன்றும் வந்தது... ஒரு வாசனை. பெட்ரோல் இல்லை, எண்ணெய் இல்லை. மழையில் நனைந்த பச்சைத் தேயிலையின் வாசனை.

எஞ்சின் மாற்றிய வண்டியை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பது விதி. நெல்லையப்பன் அந்த விதியை எந்தக் காலத்தில் மதித்தார்? அன்று மட்டும் ஏறினார். ஏன் ஏறினார் என்று அவருக்கே கடைசிவரை தெரியவில்லை.

11.25க்குப் புறப்பட்டார்கள். சுவாமிதாஸ் ஓட்டினான். இவர் பக்கத்தில். வெள்ளயம்பலம் தாண்டி, கவடியார் போகிற ரோடு. நூல் பிடித்த மாதிரி நேர் ரோடு. இரண்டு பக்கமும் மரங்கள். நல்ல வெயில்.

11.31. ஹாரன் அடித்தது.

"எதுக்குவே ஹாரன்? ரோட்டில நாயைக்கூடக் காணோம்."

"ஹாரனா? ஒண்ணும் கேக்கலியே, சாரே."

நெல்லையப்பன் வாயைத் திறப்பதற்குள் அவர் உடம்பு இடது பக்கம் சாய்ந்து கதவில் இடித்தது. வளைவில் திரும்பும் வண்டியில் சாய்வோமே, அப்படி. ரோடு நேராக இருந்தது. சுவாமிதாஸ் ஸ்டியரிங்கைத் திருப்பவேயில்லை.

இரண்டாவது ஹாரன். இந்தத் தடவை வலது பக்கம் சாய்ந்தார்.

மூன்றாவது. நான்காவது. மலை வளைவுகளில் டிரைவர்கள் அடிப்பது போல, ஒவ்வொரு சாய்வுக்கும் முன்னால் ஒரு ஹாரன்.

11.33. காது அடைத்துக்கொண்டது. வண்டியின் மூக்கு கீழே தாழ்ந்த மாதிரி இருந்தது. எஞ்சின், இறக்கத்தில் பாய்கிற வண்டியைப் போலக் கத்தியது. ஸ்பீடோமீட்டரைப் பார்த்தார்... பதினைந்து மைல்.

ஐந்தாவது ஹாரன். ஆறு.

சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. குளிர் அடித்தது.

ஏழு.

எட்டு...

அப்போது ஒரு குரல் கேட்டது. பின்னாலிருந்து இல்லை. முன்னாலிருந்து. பானெட்டுக்கு அடியிலிருந்து. மெதுவாக, மரியாதையாக.

"நேர்ல பாத்தீங்களா, ஐயா?"

"பிரேக் போடும்... பிரேக் போடும்வே..."

சுவாமிதாஸ் மிதித்தான். வண்டி இரண்டடியில் நின்றது.

"நல்ல பிரேக்காக்கும், சாரே" என்றான் பெருமையாக. எஞ்சினை அணைத்தான். சோதனை முடிந்தது என்று நினைத்துவிட்டான், பாவம்.

நெல்லையப்பன் கதவைத் திறந்து விழுந்தார். பதினோரு வருடம் குனியாத மனிதர் நடு ரோட்டில் நாலு காலில் நின்றார்.

எஞ்சின் அணைந்திருந்தது.

அப்போதுதான் ஒன்பதாவது ஹாரன் கேட்டது.

நிற்கவில்லை. நீளமாக... கீழே... கீழே... இறங்கிக்கொண்டே போனது.

நடந்தே ஆபீஸ் வந்து சேர்ந்தபோது மணி 12.20. அந்த ரசீதை அப்போதுதான் படித்தார். எஸ்டேட் பெயரைக் கேட்டதும், ரிக்கார்டு அறைக் குமாஸ்தா சரோஜம் பழைய ஃபைலை எடுத்து வந்தாள். 1952 பிப்ரவரி. 'நேரில் சோதித்தேன். பிரேக் நன்றாக உள்ளது.' கீழே, நீட்டி இழுத்த அவருடைய கையெழுத்து.

பத்தொன்பது நாள் கழித்து, அந்தக் கார் பொன்முடி ரோட்டில் இறங்கும்போது ஒன்பதாவது வளைவில் உருண்டது. டிரைவர் பெயர் திரவியம். பள்ளத்துக்குள் அவன் கை ஹாரன் மேலேயே கிடந்திருக்கிறது. வெகுநேரம் அந்தச் சத்தம் ஓயவில்லை என்று எஸ்டேட் லயத்தில் குடியிருந்த கூலி ஜனங்கள் போலீஸில் சொல்லியிருந்தார்கள்.

3.50க்கு சுவாமிதாஸ் ஆர்.சி. புத்தகத்தோடு எதிரே வந்து நின்றான். நெல்லையப்பன் பேனாவை எடுத்தார். விரல்கள் மடங்கவில்லை.

"என்ன சாரே, ஏதாவது கொறையா?"

நெல்லையப்பன் புத்தகத்தை அவன் பக்கமே தள்ளிவிட்டார்.

மறுநாள் அழகியநம்பி என்ற இன்னொரு இன்ஸ்பெக்டர், சட்டையெல்லாம் கரியாக வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பெர்மிட் பிழைத்தது. அந்த டாக்ஸி எட்டு வருடம் ரயில்வே ஸ்டேஷனில் ஓடியது. அமுக்கினால்தான் அதன் ஹாரன் அடித்தது. ஒரு நாளும் ஒரு குறையும் வந்ததில்லை.

நெல்லையப்பன் கைக்கு என்ன வியாதி என்று எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. சோறு பிசையும், பொத்தான் மாட்டும், கையெழுத்து மட்டும் வராது. கையெழுத்தில் அத்தனை கர்வம் பிடித்தவர் பென்ஷன் தாளில் கட்டைவிரலை உருட்டினார்.

கடைசியாக ஒன்று. ஃபைலைத் திருப்பி வைக்கும்போதுதான் சரோஜம் அதைப் பார்த்தாள். நெல்லையப்பனின் சர்ட்டிபிகேட்டுக்குப் பின்னால் ஒரு காகிதம் குத்தியிருந்தது. தேயிலைப் பொட்டலத்தோடு வந்தது. யாரும் பிரித்துப் படிக்காத மடிப்பு. திரவியத்தின் எழுத்து.

'ஐயா அவர்களுக்கு. வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை. துரையிடம் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார். காகிதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டாம். ஒரு தடவை நேரில் பாருங்கள். ஐயாவால் மேலே வர முடியாவிட்டாலும் பரவாயில்லை. நானே கீழே வந்து, ஐயாவை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.'