எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு

நான் எழுதிய மேக்ரோவைக் கம்பெனி முழுக்கப் பரப்பியபோது, கூடவே என் பெயரையும் பரப்பிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரியாது. குவாலிட்டி பிரிவில் நான் மூத்த ஆள். அடுத்தவர் செய்த பார்ட்டில் ஒரு கீறல் இருந்தாலும் விடமாட்டேன். சொந்தச் சரக்கைத்தான் சோதிக்கவில்லை.

ஓசூரில் கார்களுக்கு பிராக்கெட் செய்யும் கம்பெனி எங்களுடையது. எங்கே எது தப்பானாலும், ஏன் ஆனது, என்ன சரிசெய்தோம், யார் பொறுப்பு என்று வேர்டில் ஒரு ரிப்போர்ட் அடித்து ஃபைலில் வைக்க வேண்டும். கட்டம் போட்டு லோகோவை நேராக நிறுத்துவதற்குள் பாதி நாள் போய்விடும். ஒரே பட்டனில் அத்தனையும் வந்து நிற்கும்படி மேக்ரோ எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். ‘அறிவைப் பகிர்வோம்’ என்று தலைப்பிட்டு எல்லாப் பிரிவுகளுக்கும் மெயிலில் அனுப்பினேன்.

மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் ராஜப்பா தேடி வந்தார். உத்தனப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, ஷாப் ஃப்ளோரில் கன்னடம், என்னிடம் தமிழ்.

“சார், உங்க ஃபைலத் தொறந்தா மேல மஞ்சப் பட்ட ஒண்ணு வருது. அமுக்கலாமா?”

“மேக்ரோ ஓடட்டுமான்னு கேக்குது. தாராளமா அமுக்குங்க.”

“உள்ள என்ன இருக்குதுன்னு பாக்க வேணாமா?”

“நான் எழுதுனது, ராஜப்பா.”

“அதான் கேட்டேன்.”

அமுக்கினார். எல்லோரும் அமுக்கினார்கள்.

சில மாதங்கள் கழித்து பெங்களூரிலிருந்து கஸ்டமரின் ஆடிட்டர் வந்தார். அவர் சரி என்றால்தான் புது மாடலுக்கான ஆர்டர் எங்களுக்கு. இல்லையென்றால் ஜூஜுவாடி எல்லை தாண்டிக் கர்நாடகப் பக்கம் போய்விடும். ஃபைல்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். பிளான்ட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“வெல்டிங் விட்டுப்போனதுக்கு இவரு பொறுப்பு. பெயின்ட் உரிஞ்சதுக்கு இவரு. கம்ப்ரஸர் நின்னதுக்கு இவரு. கேன்டீன் சாம்பார்ல ஸ்க்ரூ கெடந்ததுக்கும் இவரேதான்,” என்றார் ஆடிட்டர். “ஏன் சார், இவரு ஒரு நாள் லீவு போட்டா ஃபேக்டரிய மூடிடுவீங்களா?”

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த லீவு நிரந்தரமாகும் போலிருந்தது. மேக்ரோ எழுதும்போது சோதனைக்காக ‘பொறுப்பு’ கட்டத்தில் அடித்த என் பெயரை நான் எடுக்கவே இல்லை. என் கம்ப்யூட்டரில் என் பெயர் சரியாகத்தானே தெரியும்? மற்றவர்களோ, கட்டம் நிரம்பியிருந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

“பேரு மட்டுந்தான் தப்பு சார். வேலையெல்லாம் நடந்திருக்கு,” என்றேன். எனக்கே நம்பிக்கையாக ஒலிக்கவில்லை.

“காட்டுங்க,” என்றார் ஆடிட்டர்.

கம்ப்ரஸர் ரூமுக்குப் போனோம். ராஜப்பா மாற்றிய வால்வைத் தொட்டுக் காட்டிக் கன்னடத்தில் விளக்கினார். ஆடிட்டர் முகம் இளகியது. வெல்டிங்கிலும் பெயின்ட்டிலும் அவரவர் வேலையை அவரவர் காட்டினார்கள். சோதிக்காத டெம்ப்ளேட்டைப் பரப்பியது ஒரு குறை என்று எழுதிவிட்டு, ஆர்டருக்குச் சரி சொன்னார்.

அன்று கற்றது: மேக்ரோவைக் கொடுக்கும் முன் அடுத்தவர் கம்ப்யூட்டரில், அடுத்தவர் பெயரில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். புதிதாக எழுதினேன். பொறுப்பாளர் பெயரை அடித்தால்தான் ரிப்போர்ட்டே திறக்கும். முறைப்படி சோதித்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

மறுநாளே ராஜப்பா வந்தார்.

“சார், அந்தப் பழைய மேக்ரோவே இருக்கட்டும். இது நம்ம பேரக் கேக்குது.”