சித்தப்பா தேடிய நிலாச் சொல்

எங்கள் சித்தப்பா நிலாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். வானத்தில் இருக்கும் நிலா இல்லை. ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் யாரோ நிலாவை அழைத்த ஒரு சொல். அதை யாரும் எழுதிவைக்கவில்லை. சொன்ன ஜனங்களும் இப்போது இல்லை. இன்றைக்குப் பல பாஷைகளில் இருக்கும் அதன் பேரப்பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, பாட்டன் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று கண்டுபிடிப்பார்களாம். இதற்குப் புனேயில் ஒரு படிப்பு இருந்ததை எங்கள் வீட்டில் யாராலும் நம்ப முடியவில்லை.

கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்த ஒரு பெரியவராலும் அதை நம்ப முடியவில்லை. அவர் மகளும் சித்தப்பாவும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். சித்தப்பாவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மகள் பிடிவாதம் பிடித்ததால், மரியாதைக்கு ஒரு தடவை எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடப் போவதாக அவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அது எங்கள் காதுக்கும் வந்தது. பாவம் சித்தப்பா, சோறு இறங்காமல் திரிந்தார்.

சித்தப்பாவும் அந்தப் பெண்ணும் போனில் பேசி நாள் குறித்தார்கள். அது பௌர்ணமி என்பது முந்தின நாள்தான் தெரிந்தது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை மேலேயே எங்கள் வீடு. பௌர்ணமியன்று பால் வாங்கக்கூட நாங்கள் ரோட்டைத் தாண்டமாட்டோம்.

"நிலாவப் படிக்கிறவனுக்கு பௌர்ணமி என்னிக்குன்னு தெரியாதாடா?" என்றார் அப்பா. நாளை மாற்றினால் அவர்களுக்கு அதுவே சாக்காகிவிடும் என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டோம்.

காலையில் வரவேண்டியவர்களைக் காணோம். போனும் போகவில்லை. நடந்தது இதுதான்: பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து வடக்காக வந்தால் எங்கள் வீடு கிட்டம், ஆனால் அது கிரிவலத்துக்கு எதிர்த்திசை. பௌர்ணமியன்று மலையை இடமாகச் சுற்றி ஓரடி எடுத்துவைக்கமாட்டேன் என்று பெண்ணின் அம்மா நடுரோட்டில் நின்றுவிட்டார். வேறு வழியில்லாமல் குடும்பமே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பட்டும் பழத்தட்டுமாகக் கூட்டத்தோடு தெற்கே நடந்து மலையைச் சுற்றிக்கொண்டு வந்தது.

வழியில் ஒவ்வொரு கோயிலாக நின்று கும்பிட்டு, பொழுது சாயும் நேரத்தில், நெற்றி நிறையத் திருநீறோடு வந்து சேர்ந்தார்கள்.

"அண்ணாமலையாரே சுத்தவெச்சு கூட்டியாந்து உட்டுட்டாருங்க. இனிமே இதுல என்ன யோசனை?" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா உட்கார்ந்தார். மண்டிக்காரர் வாயைத் திறந்தார், மனைவியைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பிறகு காலை நீட்டிக்கொண்டு, சித்தப்பா படிக்கும் அந்த நிலாச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம் என்று கேட்டார்.

சித்தப்பாவுக்கு உயிர் வந்தது. அளப்பது என்ற பொருளிலிருந்து அது வந்ததாகத்தான் பெரும்பாலும் நினைக்கிறார்கள், நாளை அளந்து காட்டுவதால் நிலாவுக்கு அந்தப் பெயர், இங்கிலீஷ்காரன் மூன் என்பதும் மந்த் என்பதும் வடமொழி வழியாக நமக்கு வந்த மாசமும் அந்த வீட்டுப் பிள்ளைகள், நம் திங்கள் வேறு வீட்டுப் பிள்ளை, ஆனாலும் நிலாவுக்கும் மாசத்துக்கும் பொதுவாகவே நிற்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

"நாள அளந்து காட்டுதா? உங்களுக்கு மட்டும் ஏங்க காட்டல?" என்றார் மண்டிக்காரர். வீடே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேசரி கேட்டார். எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா மகள் பக்கம் திரும்பினார். "அவராவது புனேல இருக்காரு. எனக்கு பௌர்ணமி, அமாவாசை பாத்துச் சொல்றதே நீதான. நீயுமா பாக்கல?"

சித்தி (நான் அதற்குள் அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்திருந்தேன்) சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார். பாவம், அவ்வளவு தூரம் நடந்த தாகம் என்று நினைத்து, நான் ஓடிப்போய் இன்னொரு சொம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினேன்.