எந்த வீட்டு ஜீன்?

பதினாறாம் எண் பேருந்தை ஓட்டுகிறவளுக்குப் பணிமனையில் 'ஹாரன்' என்று பெயர். குரல் அப்படி. நாற்பத்திரண்டு வயதில் மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தபோதும் அவள் அழவில்லை, "எத்தனை நாள் லீவு எழுதணும்?" என்றுதான் கேட்டாள். அழுததெல்லாம் அவளுடைய அப்பா. அழுது முடித்த கையோடு அம்மா பக்கம் திரும்பினார்.

"எல்லாம் உங்க வீட்டு வழி. எங்க வம்சத்துல தும்மினவன்கூடக் கிடையாது."

"ஆமா, உங்க வம்சம் இரும்புல வார்த்தது," என்றாள் அம்மா. அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அறுவைசிகிச்சை முடிந்து ரத்தப் பரிசோதனையும் ஆனபின், மரபணு மருத்துவர் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார்:

"நம்ம செல்லுக்குள்ள டிஎன்ஏ தினமும் அங்கங்க அறுந்துக்கிட்டே இருக்கும். அதை ஒட்டிச் சரிபண்ணச் சில ஜீன் உண்டு. உங்க பொண்ணுக்கு அதுல ஒண்ணு பழுது. அறுந்தது தப்புத்தப்பா ஒட்டிக்கிட்டுப் போனா, ஒருநாள் புற்றுநோயில கொண்டுபோய் விடலாம். இது எந்த வழியா வந்துச்சுன்னு தெரிஞ்சா, சொந்தத்துல யாரெல்லாம் சோதிச்சுக்கணும்னு சொல்லிடலாம். எங்க ஆராய்ச்சிக்கும் உதவும். ரெண்டு பேரும் ரத்தம் கொடுக்கிறீங்களா?"

அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார். "தாராளமா ரெண்டு குழாயா எடுங்க டாக்டர்."

மூன்று வாரம் அவர் நடையே தனி. முடிவு சொல்லும் நாளில் தலைக்குச் சாயம் வேறு அடித்துக்கொண்டு வந்தார்.

"அப்பாகிட்ட இருந்துதான் வந்திருக்கு," என்றார் மருத்துவர்.

"நான் ஆம்பளைங்க!"

"ஆம்பளைங்களுக்கும் இருக்கும் சார், பிள்ளைங்களுக்கும் போகும். இனிமே வருஷா வருஷம் நீங்களும் மார்பைச் சோதிச்சுக்கணும்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஹாரன் பதறிப்போய் எட்டிப் பார்த்தால், கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஹாரனுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார் மருத்துவர். "ஒளிஞ்சிருக்கிற புற்றுநோய்ச் செல் இருந்தா, அது அறுந்த டிஎன்ஏவை இன்னொரு வழியில ஒட்டுப்போட்டுப் பிழைச்சுக்கும். இது அந்த வழியையும் அடைச்சிடும்."

"மெயின் ரோடும் இல்ல, சந்தும் இல்ல. மாட்டிக்கிச்சு!" என்றாள் ஹாரன். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "நானா உனக்கு இதைக் குடுத்தேன்?"

"தெரிஞ்சா குடுத்தீங்க? இந்த மூக்கையும்தான் குடுத்தீங்க. கேஸா போட்டேன்?"

அவர் சிரித்தார், கண் மட்டும் கலங்கியிருந்தது. அன்று மாலையே அம்மா அவரோடு பேச ஆரம்பித்தாள். பிறகு நிறுத்தவே இல்லை.

ஒன்றரை வருஷத்தில் ஹாரன் மறுபடி பேருந்து ஏறினாள். அப்பாவோ, மார்புப் பரிசோதனைக்குப் பெண்கள் நிறைந்து காத்திருக்கும் ஆஸ்பத்திரிக் கூடத்தில் முதல் வருஷம் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். மூன்றாம் வருஷம், புதிதாக வந்தவர்களுக்குப் புறங்கையில் பேனாவால் டிஎன்ஏ வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். செவிலியர் மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நேரிலேயே வந்துவிட்டார்.

"சட்டையைக் கழட்டுங்க சார். பாடத்தை அப்புறம் நடத்தலாம்."