ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிரஷர் மாத்திரை

குலசேகரத்துக்குப் பக்கத்தில் அண்டி ஆபீஸ் நடத்துகிறார் என் நண்பர் ராஜமணி. வெளியூர் வாசகர்களுக்கு... முந்திரிப் பருப்பு ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். போன புதன்கிழமை அங்கே இதய நல முகாம். சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? ஆஸ்பத்திரி என்றாலே பத்தடி தள்ளி நிற்கிற நான்!

முகாமுக்கான காரணம் சிரிக்கிற விஷயமில்லை. இரண்டு மாதம் முன்பு, பருப்புக்குத் தோல் நீக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பிழைத்துவிட்டார் என்றாலும் ராஜமணி ஆடிப்போனார். அன்றிலிருந்து நாலு மணி டீக்கு வடை கட், சுண்டல்தான். காலையில் பத்து நிமிடம் யோகா. வாசலில் 'உங்கள் இதயம் எங்கள் பொறுப்பு' என்று பேனர் — அதில் இதயத்தைவிட ராஜமணியின் போட்டோ பெரிது.

பிரஷர் பார்க்க, அங்கே பருப்புத் தோல் நீக்குகிற ரோஸ்லெட் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். நர்ஸ் இரண்டு தடவை பார்த்தார். நூற்று எண்பது!

"அக்கா, மாத்திர சாப்பிடுதியளா?"

"ஞாயித்துக்கிழம தவறாம தின்னுவேன் மக்களே."

"மத்த நாளு?"

"மத்த நாளு வேலைக்கு வரணும்லா?"

எனக்குப் புரியவில்லை. நர்சுக்கும்தான். ரோஸ்லெட் குரலைத் தாழ்த்தினார்.

"அது நீர் போற மாத்திரையாக்கும். காலையில போட்டா மத்தியானத்துக்குள்ள நாலஞ்சு தடவ எந்திக்கணும். கக்கூஸ் சாவி சூப்பர்வைசருக்க பாக்கெட்டுல கெடக்கு. ஒரு ஆம்பளகிட்ட எத்தன தடவ போய்க் கேக்க? நான் மட்டும் இல்ல, இங்க பல பேரும் இப்பிடித்தான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ராஜமணியைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏம்லே பூட்டி வச்சிருக்க?"

"கூட்டமா நின்னு கதையளப்பாளுவன்னு அப்பா காலத்துல போட்ட பூட்டு மக்கா. நான் யோசிக்கவே இல்ல..."

அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. நல்ல மனுஷன்தான். டாக்டரைக் கேட்டார், டயட்டீஷியனைக் கேட்டார், யோகா மாஸ்டரைக் கேட்டார். மேஜை முன்னால் உட்கார்ந்து தோல் நீக்குகிற பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் ஊரில் நல்லது செய்கிற பல பேருக்கும் இந்தக் கோளாறு உண்டு, இல்லையா?

அன்றைக்கே பூட்டைக் கழற்றிவிட்டார். யாரிடமும் கேட்காமல் எழுந்து போகலாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மாத்திரை தொந்தரவாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார் நர்ஸ். நாளையிலிருந்து தினமும் போடுவதாக ரோஸ்லெட் தலையாட்டினார்.

வீடு வரும்வரை ராஜமணியை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வாசலில் சரசம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமாக, காலை எட்டு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை, எங்கள் வீட்டில் வேலை பார்க்கிறவர். அவருக்கும் பிரஷர் உண்டு. சட்டென்று கேட்டுவிட்டேன்.

"சரசம், நம்ம வீட்டு பாத்ரூமுக்கு நீங்க போறதுண்டா?"

"அய்யே... அது எப்பிடி சாரே? வீட்டுக்குப் போய்தான்."

வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் வீட்டில் இரண்டு பாத்ரூம். ஒன்பது வருடமாக இரண்டையும் தேய்த்துக் கழுவுகிறவர் அவர்தான்.