பதினெட்டு ஆனால் அப்பா வருவார்

கல்லூரி பிராஜெக்டுக்காகத் திர்ஹம், ரூபாய் பழைய ரேட்டுகளைத் தேடினேன். ஸ்கிரீனில் ஒரு கோடு வந்தது. வருடக்கணக்காக மெதுவாக மேலே ஊர்கிற கோடு. ஒரு இடத்தில் மட்டும் திடுதிப்பென்று எகிறியிருந்தது. கூடப் படிக்கிறவள் அதற்கு அமெரிக்கா, எண்ணெய் விலை என்று என்னென்னவோ காரணம் டைப் செய்துகொண்டிருந்தாள். எனக்குக் கொட்டாவி வந்தது. கோடு எகிறிய அந்த இடத்தில் நான் நாலாம் வகுப்பு.

அப்போது நாங்கள் மும்பையில், மாட்டுங்கா லேபர் கேம்பில் இருந்தோம். அப்பா துபாயில் ஏ.சி. மெக்கானிக். எங்களுக்குப் பக்கத்திலேயே சுனாபட்டியில் ஒரு சின்னக் கடை பேசி வைத்திருந்தார். அங்கே ரிப்பேர் கடை போட்டு எங்களோடு இருந்துவிடுவது திட்டம். டெபாசிட்டுக்கான பணத்தைத் திர்ஹமாகவே சேர்த்து வைத்திருந்தார். ஒரு திர்ஹம் பதினைந்து ரூபாய்ச் சொச்சம் விற்ற நேரம் அது. அந்த ரேட்டில் மாற்றினால் டெபாசிட்டுக்குப் பத்தாது. பதினெட்டு என்றால் சரியாக வரும்.

"பதினெட்டு ஆவட்டும்ட்டி, அப்பா மறுநாளே பிளைட் ஏறிருவேன்" என்று போனில் சொன்னார்.

ஆக, எனக்கு அப்பா வேண்டுமென்றால் இந்திய ரூபாய் விழ வேண்டும். விழ வை என்று பிள்ளையாரிடம் தினமும் கேட்டேன். வேறெந்தக் குழந்தையும் அவரிடம் இப்படி ஒன்றைக் கேட்டிருக்காது.

இந்த விவகாரத்தில் அம்மாவின் தம்பிதான் எங்கள் வீட்டு நிதியமைச்சர். மாமாவுக்கு வேலை என்னவோ தாராவியில் பேக் தைக்கிற பட்டறையில். பேச்சு முழுக்க டாலர், தங்கம், ஷேர் மார்க்கெட்.

"க்யா டென்ஷன்க்கா? பழைய ரேட் பூராவும் பாத்துட்டேன். நம்ம ரூபாய்க்கு விழ மட்டுந்தான் தெரியும். அத்தான காசை அமுக்கிட்டு இருக்கச் சொல்லு."

"நீ சொல்லிச் சொல்லித்தான் அந்த மனுசன் அங்கன கெடக்காவ" என்பாள் அம்மா, வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல்.

சந்து முனையில் பணம் அனுப்பும் கடை ஒன்று உண்டு. காலை பத்து மணிக்குக் கடைக்காரர் ஸ்லேட்டில் அன்றைய ரேட்டை எழுதித் தொங்கவிடுவார். எனக்கு மதிய ஷிஃப்ட் பள்ளி. யூனிஃபார்மோடு ஓடிப்போய் ஸ்லேட்டைப் பார்ப்பேன். ஏறியிருந்தால் அம்மா போனிலிருந்து அப்பாவுக்கு ஒரு மிஸ்டு கால். ஏறவில்லையென்றால் கிடையாது. துபாயில் இருக்கிறவருக்குத் திர்ஹம் விலையை லேபர் கேம்பிலிருந்து ஒருத்தி தெரிவிக்க வேண்டியதில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவேயில்லை. அப்பாவும் ஒருநாள்கூட அதைச் சொல்லவில்லை.

பிறகு ரூபாய் நிஜமாகவே விழ ஆரம்பித்தது. பதினாறு. பதினாறரை. பதினேழு. டி.வி.யில் சிவப்பு அம்புக்குறி போட்டு ஒப்பாரி வைத்தார்கள். எங்கள் சந்தில் வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகளில் வாரம் இருமுறை மட்டன் வாசனை வந்தது. பள்ளியில் டீச்சர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ரூபாய் விழுந்துகொண்டே போகிறது, நாட்டுக்கு எவ்வளவு கஷ்டம் பாருங்கள்" என்று இந்தியில் சொன்னார். நான் கைதட்டினேன். தனியாக. வகுப்பே திரும்பிப் பார்த்தது. பெஞ்சில் ஏற்றி நிறுத்தினார்கள். அங்கிருந்து ஜன்னல் வழியாக விமானம் இறங்குவது தெரிந்தது. எனக்கு அது தண்டனையாகவே படவில்லை.

ஸ்லேட்டில் பதினெட்டு எழுதியது ஒரு வெள்ளிக்கிழமை. மிஸ்டு கால் கொடுத்தேன். அப்பாவுக்கு அன்று லீவு என்பதால் அவரே திரும்ப அழைத்தார். மாமா ஸ்பீக்கரில் போட்டார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவு பக்கத்தில் உட்கார வேண்டிய அவசியமில்லை. ஸ்பீக்கர் எதிர்வீடு வரை கேட்கும்.

"பாத்தியளா அத்தான்! நான் என்ன சொன்னேன்?" என்றார் மாமா.

அப்பா சிரித்தார். பிறகு கொஞ்சம் இழுத்தார். "அதாம்ல யோசிக்கேன். இப்ப மாசச் சம்பளமே அங்க எம்புட்டுக் கூட வருது பாரு. இந்த நேரத்துல விட்டுட்டு வந்தா கிறுக்கன்னுதான் சொல்லுவான். இன்னும் ஒரு வருசம் இருந்துட்டா கடையோட சேத்து ஒரு ரூமும் பாத்துரலாம்."

"சரியான கணக்கு. இருபது போவும், எழுதி வச்சுக்கிடுங்க" என்றார் மாமா.

இருவரும் அம்மா பேசுவதற்காகக் காத்திருந்தார்கள். எதிர்வீட்டு குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"சுனாபட்டிக் கடைக்காரன்ட்ட என்னன்னு சொல்ல?" என்று கேட்டாள் அம்மா.

"வேற ஆளுக்குக் குடுத்துக்கிடச் சொல்லு. நமக்குக் கடையா கெடைக்காது?"

"சரி. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க."

எனக்கு வருத்தமே இல்லை. பதினெட்டு போய் இருபது, அவ்வளவுதானே. ரூபாய் விழுகிற வேகத்துக்குத் தீபாவளிக்குள் வந்துவிடும். சந்து முழுக்க ஓடி, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் மாமா குரலிலேயே "இருபது போவும், எழுதி வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மாமா பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். நானும் அவளும்தான்.

"ஏட்டி," என்றாள், ரகசியம் கேட்பது போல. "அந்த ரேட்டு எப்பமாச்சும் எறங்குமா? பழைய மாரி பன்னெண்டு, பதிமூணுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு நாள் கூடவே இருந்தும் அடிப்படையே புரியவில்லையே இவளுக்கு!

"லூசாம்மா நீ? எறங்கக் கூடாது. எறங்குனா அப்பா எப்படி வருவாங்க?"

அந்தச் சந்திலேயே ரூபாய் ஜெயிக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் என் எதிரே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது தெரியவில்லை. அம்மா "ஆமால்லா" என்று சொல்லிவிட்டு, மீனை முள் எடுத்து என் தட்டில் வைத்தாள்.