தலைப்பில்லாத இருபத்துமூன்று

கடலூர் முதுநகரில் இயங்கும் ஒரு செய்தி இணையதளத்தில் அறிவுமதிக்கு ஒன்பது வருஷ வேலை. வெளியான செய்திக்குப் பேர் வாங்க ஆளுண்டு. வெளிவராமல் கிடப்பதையெல்லாம் கட்டி மேய்ப்பது இவள் ஒருத்திதான். அதை டிராஃப்ட் என்பார்கள். புதுப் பக்கத்தைத் திறந்து நாலு வரி தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிற புண்ணியவான்களால் அது எப்போதும் நிரம்பி வழியும். மாதம் பிறந்ததும், தலைப்பில்லாமல் கிடப்பதையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துக் குப்பைக்குத் தள்ளுவாள். குப்பைக்குப் போனது முப்பது நாளில் தானாக அழிந்துவிடும்.

"ஒரு தலைப்பு வைக்க வக்கில்ல, இவுங்கல்லாம் ரிப்போர்ட்டரு" என்பாள்.

சிதம்பரம் பக்கம் கிள்ளையிலிருந்து செய்தி எழுதிய அந்தோணிசாமிக்கு மட்டும் இந்தத் திட்டிலிருந்து விலக்கு. அவர் தலைப்பே வைக்க மாட்டார். இறால் பண்ணையோ குடிநீர்ப் பிரச்சினையோ, எழுதி முடித்த கையோடு போன் போடுவார்.

"தங்கச்சி, ஏத்திட்டேன். தலைப்ப நீயே வச்சிடும்மா. ராசியான கையி உனக்கு."

"உங்களோட ரோதனை ஜாஸ்திண்ணே" என்று சலித்துக்கொண்டே வைப்பாள். உள்ளுக்குள் பெருமைதான். அன்றைக்கே வெளியாகிவிடுவதால் அவர் எழுதியது மாதக் கடைசிவரை கிடந்ததே இல்லை.

ஜூலைக் கடைசியில், சிதம்பரம் போய்த் திரும்பும் வழியில், மாரடைப்பு வந்து அந்தோணிசாமி இறந்துபோனார். அந்தச் செய்திக்கும் அறிவுமதிதான் தலைப்பு வைத்தாள், அழுதுகொண்டே.

அக்டோபரில் அவருடைய மகள் சிந்துஜா அலுவலகத்துக்கு வந்தாள். அப்பாவுக்குத் தங்கச்சி என்றால் மகளுக்கு அத்தைதானே.

"அத்தை, வர்ற ஞாயித்துக்கெழம அம்மாவுக்கு மொத வருஷ நெனவுப் பூசை. அம்மாவப் பத்தி அப்பா அந்த ஜூலை பூரா கொஞ்சங்கொஞ்சமா எழுதிக்கிட்டிருந்தாரு. எனக்குக்கூட காட்டல. முழுசா முடிச்சிட்டுத்தான் அத்தைக்குப் போன் போடுவேன்னாரு. உங்க சைட்லதான் இருக்குன்னாரு. மாதா கோயில்ல வாசிக்கலாம்னு பாக்குறேன்."

அறிவுமதி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். டிராஃப்டில் அவர் பெயரைப் போட்டுத் தேடினாள். ஒன்றுமில்லை. குப்பையிலும் இல்லை. சர்வர் கம்பெனிக்குப் போன் போட்டாள். பதினைந்து நாளைக்குத்தான் பேக்கப் இருக்கும் என்றார்கள். கடைசியில், யார் எப்போது எதை அழித்தார்கள் என்கிற பதிவேட்டைத் திறந்தாள். ஆகஸ்ட் ஒன்று, தலைப்பில்லாதவை இருபத்துமூன்று, அழித்தவர் அறிவுமதி. பதினேழாவது வரியில் அந்தோணிசாமி இருந்தார். ஆயிரத்து எண்ணூறு சொற்கள், அறுபத்தொரு முறை சேமிக்கப்பட்டது.

அறுபத்தொரு முறை அந்த மனுஷன் திறந்து உட்கார்ந்திருக்கிறார். இவள் ஒரே தட்டில் தள்ளிவிட்டாள்.

சிஸ்டமே அழித்துவிட்டது என்று சொல்லிவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்? நாக்கு நுனிவரை வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"நாந்தான் கண்ணு அழிச்சிட்டேன். தெரியாம பண்ணிட்டேன். இனிமே எடுக்க முடியாது."

சிந்துஜா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையிலிருந்து போனை எடுத்தாள், எழுதிக்கொள்ளத் தோதாகப் பிடித்துக்கொண்டாள்.

"பரவால்ல அத்தை. படிச்சிட்டுத்தான அழிச்சிருப்பீங்க? ஞாபகம் இருக்கறத சொல்லுங்க, ஒரு வரின்னாலும் போதும்."

அறிவுமதி அதைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.